சொல்லுங்க, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்

மேல் டிவிஷன், ரிங்லெட்
9 மார்ச் 2025

குமுதா,

இன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்த காரியம், உன்னிடம் பொய் சொன்னது.

அப்போது அடுப்பைக்கூடப் பற்றவைத்திருக்கவில்லை. சமையலறைச் சுவரில் இருக்கும் பெட்டி, சரியாக ஐந்தரைக்கு, உன் குரலில் "ராத்திரி நல்லா தூங்குனீங்களா?" என்று கேட்டது. இரண்டு மணியிலிருந்து விழித்துக் கிடந்தவள், "நல்லா தூங்கினேன்" என்றேன். சாப்பாடு சரியாக இருக்கிறதா என்றது. இருக்கிறது என்றேன். "மனசு எப்படி இருக்கு?" நல்லா இருக்கு. பச்சை விளக்கு எரிந்தது. அதற்குப் பிறகுதான் முகம் கழுவினேன்.

கடிதத்தின் முதல் வரியில் எல்லாரும் எழுதுவதை எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை ஓடவில்லை. அந்த வரியைத் தினமும் சுவரிடம் சொல்லித் தீர்த்துவிடுகிறேன்.

போனில் கூப்பிடலாமே என்பாய். அப்பாவின் கருமாதியன்று நீ பஸ் ஏறியதிலிருந்து, இந்தப் பதினான்கு மாதமாக, நாம் பேசவில்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், போன் செய்தால் உன் குரல் வரும். ஜனவரியில், இந்தத் தேயிலைத் தோட்டத்தைப் புதிதாக எடுத்த கம்பெனி, தொழிலாளர் லயத்து வீடுகள், ஸ்டாஃப் வீடுகள் என்று அறுபத்து நான்கு வீட்டிலும் இந்தப் பெட்டியை மாட்டியது. பெயர் 'துணை'. வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள், மழைக்கு மண் சரிகிறது, யாருக்கு என்ன ஆனாலும் ஆபீசுக்குத் தெரிய வேண்டும் என்றார்கள். முதலில் ஆபீசில் வைத்துத்தான் ஓட்டிக் காட்டினார்கள். அது வாயைத் திறந்ததும் என் கையிலிருந்த தேநீர் மேசையில் கொட்டியது. பள்ளி மேடையில் பேச்சுப் போட்டிக்குப் பேசினாயே, அந்தக் குரல். நீ என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

லயத்து ஆட்கள் ஒரே வாரத்தில் பழகிக்கொண்டார்கள். தோட்டத்துத் துரை எதைக் கேட்டாலும் 'நல்லா இருக்கேங்க' என்று சொல்லியே நூறு வருஷம் பிழைத்த சனம், பெட்டிக்கும் அதையே சொன்னது. அம்மாவின் பக்கத்து வீட்டு ரஞ்சிதம் பைப்படியில் எல்லாரையும் சிரிக்கவைத்தாள். "என் வீட்டுக்காரன் இருவது வருசத்துல ஒரு தடவ கேட்டதில்ல, நீ தூங்குனியான்னு. இந்தப் பொட்டி தெனம் கேக்குது லா. அவன விட்டுட்டு இதயே கட்டிக்கலாம்."

அந்தப் பதிலை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுக்கும்போது, மானேஜர் மலாயில் சொன்னதைத் தமிழில் சொல்லிவிட்டு, என் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தேன். கதை பேசாதீர்கள், நல்லா இருக்கேன் என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள் என்றேன். ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியம்மா சொன்னால் கேட்பார்கள். கேட்டார்கள்.

அம்மா மட்டும் கேட்கவில்லை. அவள் அதனிடம் எல்லாவற்றையும் சொல்கிறாள். விடிவதற்குள் அரைமணி நேரம் பேச்சு. குமுதா பேசுது என்கிறாள். "பட்டணம் போயி என் பொண்ணு மரியாதை கத்துக்கிச்சு, பெத்தவளையே வாங்க போங்கங்குது" என்று ரஞ்சிதத்திடம் பெருமை வேறு.

அது நீ இல்லை என்று நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். நீ உன் கையால் ஒரு வரி எழுதிப் போடு. எழுத்துக்கூட்டியாவது படித்துவிடுவாள். உன் பேச்சைத்தான் அவள் எப்போதும் கேட்பாள்.

ரமணி


செந்தூல், கோலாலம்பூர்
18 மார்ச் 2025

அக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாம் தடவையும் கோபம்தான். மூன்றாவது தடவை, நீ இரண்டு மணிக்கு விழித்துக்கொள்கிறாய் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். எனக்கும் அதே இரண்டு மணிதான்.

எனக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முன் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு ஸ்டூடியோவில் பதினொரு நாள் பேசினேன். ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிடும் குரலுக்கு என்றார்கள். மூன்றாம் நாளிலிருந்து வாக்கியங்கள் மாறின. "நம்ம வீட்டுப் பிள்ளை பேசுற மாதிரி பேசுங்க மிஸ்" என்றார்கள். அவர்களுக்கு என் குரலின் துண்டு துணுக்குகள் போதுமாம், மிச்சத்தை அதுவே பேசிக்கொள்ளுமாம். இப்போது நான் சொல்லாததையெல்லாம் நான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். வானொலி விளம்பரத்துக்கு என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். போன மாதம் கடையில் சாமான் எடுத்துக்கொண்டிருக்கும்போது, தலைக்கு மேலேயிருந்து நான்தான் சோப்பு விற்றுக்கொண்டிருந்தேன்.

'சொல்லுங்க, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்' என்று ஒரு வரி. அது சரியாக அமையவில்லை. இருபத்தேழு தடவை சொன்னேன். கடைசியில் அம்மா எதிரே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு சொன்னேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

அம்மாவுக்கு நீ சொன்னபடி எழுத மாட்டேன். அவள் பேசட்டும். வேறு யாரிடம் பேசுவாள்? உன்னிடமா? நீ அம்மா வீட்டுக்குப் போகும்போதும் கிராணியாகத்தான் போகிறாய். மாத்திரை போட்டியா, கேஸை அணைச்சியா, கதவைச் சாத்தினியா. பதில் வந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பாய். கருமாதியன்று என்னிடமும் அப்படித்தான். "விருந்தாளியா வந்த, விருந்தாளியாவே போய்ட்டு வா." அதைச் சொல்லும்போது நீ சாம்பார் வாளியைத் துடைத்துக்கொண்டிருந்தாய், தலையைக்கூடத் தூக்கவில்லை.

அம்மா என்ன பேசுகிறாள்? அதை எழுது. என்னிடம் பேசுவதாக நினைத்துத்தானே பேசுகிறாள். அது எனக்குச் சேரவேண்டியது.

குமுதா


மேல் டிவிஷன்
2 ஏப்ரல் 2025

குமுதா,

சாம்பார் வாளியைத் துடைத்தது, உன்னை நிமிர்ந்து பார்த்தால் அழுதுவிடுவேன் என்பதால். இதைச் சொல்ல எனக்குப் பதினைந்து மாதம் ஆகிவிட்டது.

அம்மா பேசுவது எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். திங்கட்கிழமைதோறும் என் ஆபீஸ் கணினியில் ஒரு பட்டியல் வருகிறது. யாருடைய பதில் மற்றவர்களுடைய பதிலோடு ஒத்துப்போகவில்லையோ அவர்கள் பெயரும், அவர்கள் பேசியதும் அதில் இருக்கும். ஒத்துப்போனால் பச்சை. கொஞ்சம் விலகினால் மஞ்சள். ரொம்ப விலகினால் சிவப்பு. மூன்று சிவப்பு வந்துவிட்டால், அந்த ஆள் தனியாக இருக்கத் தகுதியில்லை என்று பொருள். மலைக்குக் கீழே, தாப்பாவைத் தாண்டி ஒரு பராமரிப்பு இல்லம் இருக்கிறது, அங்கே இறக்கிவிடுவார்கள். வீடு வேறு ஆளுக்குப் போகும். வெளிநாட்டு ஆட்களுக்கு வீடு போதவில்லை என்று கம்பெனி ஒரு வருஷமாகப் புலம்பிக்கொண்டிருக்கிறது.

அம்மாவுக்கு இரண்டு சிவப்பு வந்துவிட்டது.

தலைமை ஆபீசிலிருந்து பெட்டிகளைப் பார்க்க வரும் திவாகரிடம் சண்டை போட்டேன். சின்னப் பையன், நல்லவன்தான். என் தாய்க்கு ஒரு நோயும் இல்லை, மனதில் இருப்பதைச் சொல்கிறாள், அவ்வளவுதான் என்றேன். "அது நோயின்னு சொல்லல கா. மத்தவங்க மாதிரி இல்லன்னு மட்டும்தான் சொல்லுது. இந்த எஸ்டேட்டுல மனுசங்க எப்படி இருப்பாங்கன்னு அது இங்கதானே கத்துக்கிச்சு. அறுபத்து மூணு வீடு நல்லா இருக்கேன்னு சொல்லுது. ஒரு வீடு சொல்லல. அது என்ன நினைக்கும்?" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பத்து வீடு உங்க அம்மா மாதிரி பேசினா, அதுவும் நார்மல்தான்னு எடுத்துக்கும் கா" என்றான், ஆறுதல் போல.

மனிதர்கள் எப்படி இருப்பார்கள் என்று அதற்குக் கற்றுக்கொடுத்தவள் யார் தெரிகிறதா? பெரட்டுக் களத்தில் நின்று நான் சேர்த்துச் சொன்ன அந்த ஒரு வரி.

நாகரத்தினத்தை உனக்கு நினைவிருக்கும். ஃபேக்டரியில் தூள் காயவைக்கும் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர், நமக்குச் சூடாகத் தூளை அள்ளிக் காகிதத்தில் மடித்துத் தருவார். பெட்டி அவரிடம் ராத்திரி தூங்கினீர்களா என்று கேட்டால், "நீ தூங்குனியா, அத மொதல்ல சொல்லு" என்பாராம். ஒருநாள் பெட்டிக்குச் சாதம் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். பிப்ரவரி கடைசித் திங்களன்று மூன்றாவது சிவப்பு வந்தது. பட்டியலில் மனிதர் ஒருவர் 'உறுதி' என்ற பொத்தானை அழுத்தினால்தான் மேற்கொண்டு நடக்கும். அன்றைக்கு எனக்குப் பதினொரு வேலை. அழுத்தினேன். என்ன என்று படித்துப் பார்க்கவில்லை.

போன வாரம் லீவு எடுத்து அவரைப் பார்க்கப் போனேன். சுத்தமான இடம். வெள்ளைச் சட்டை போட்டு உட்காரவைத்திருந்தார்கள். எப்படி இருக்கீங்க என்றேன். "நல்லா இருக்கேம்மா" என்றார். சாப்பாடு எப்படி? நல்லா இருக்கும்மா. அவர் வளர்த்த நாய் இன்னும் அந்த வீட்டு வாசலிலேயே படுத்திருக்கிறது. அதைப் பற்றி அவராகக் கேட்பார் என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கேட்கவில்லை.

அம்மாவுக்கு வந்த இரண்டு சிவப்புக்கும் 'பிறகு' என்ற பொத்தானை அழுத்தி வைத்திருக்கிறேன். மூன்றாவதற்கு அந்தப் பொத்தான் இருக்காது.

உனக்குச் சேரவேண்டியதை எழுதுகிறேன். முட்டி வலி. மழை பெய்தால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேட்டைப் பார்த்துப் பயமாக இருக்கிறது. ஆணியில் தொங்கும் அப்பா சட்டைக்குத் தினமும் பொத்தான் போட்டுக் கழற்றுகிறாள். 'ரமணி வர்றா, வாட்ச்சப் பாக்குறா, போறா.' இதையெல்லாம் நான் திரையில் படித்தேன். அடுத்தது, மார்ச் 20ஆம் தேதி, அப்படியே:

"ஒனக்கும் ரமணிக்கும் நடுவுல ஒரு ஆம்பளப் புள்ள பொறந்துச்சு. ஒம்போது நாளு இருந்தான். மேல ஒத்தையடிப் பாதை திரும்புதுல்ல, அங்க வச்சாங்க. ஒங்கப்பா யாருட்டயும் சொல்லக்கூடாதுன்னுட்டாரு. இப்ப அங்க பிளாஸ்டிக் கொட்டாய் போட்டு தக்காளி நட்டுருக்கான் சீனன். தண்ணி பாய்ச்சுற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது."

அதற்குக் கீழே உன் பதில்: "அப்படியா. சொல்லுங்க, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அதற்குக் கீழே சிவப்பு. 'பிறரோடு பொருந்தாத தகவல்.'

ரமணி


செந்தூல்
9 ஏப்ரல் 2025

அக்கா,

ஒன்பது நாள். பெயர் வைத்தார்களா என்று அவளிடம் கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். நானாக இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அந்தப் பெட்டிதான் சொல்லுங்க என்றிருக்கிறது.

வருஷப்பிறப்புக்கு முதல் நாள் வருகிறேன். அம்மாவிடம் நானே நேரில் சொல்கிறேன். என் முகத்தைப் பார்த்தால் பெட்டியை மறந்துவிடுவாள். நீ அந்தத் திங்கட்கிழமை லீவு போடு. பட்டியல் வருகிற கணினி முன்னால் நீ இருக்காதே.

உன் வீட்டில் தங்க மாட்டேன், அம்மாவோடு இருக்கிறேன். கோபத்தால் இல்லை. உன் வீட்டிலும் பெட்டி இருக்கிறது, அம்மா வீட்டிலும் இருக்கிறது. எதிலாவது ஒன்றில் என்னை நானே கேட்டுத்தான் ஆகவேண்டும்.

குமுதா


செந்தூல்
21 ஏப்ரல் 2025

அக்கா,

பஸ் நிலையத்தில் நீ கையாட்டியபோது நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இறங்கியிருப்பேன். லீவு கிடைக்காமல் நீ ஆபீசுக்குப் போய்விட்ட அந்தத் திங்கட்கிழமைக் காலையில் என்ன நடந்தது என்று கேட்டாய். அப்போது சொல்ல முடியவில்லை.

ஐந்தரைக்கு அது கேட்டது. நான் பாய் மேல் உட்கார்ந்திருக்கிறேன், அம்மா அடுப்புப் பக்கம். சுவரிலிருந்து நான் கேட்கிறேன். என் இருபது வருஷத் தொழிலில் இவ்வளவு அன்பாக நான் பேசிக் கேட்டதில்லை. அம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். நான் ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தினேன். ஆமாம், பொத்தினேன். அவள் பல் என் உள்ளங்கையில் பட்டது.

அவளை வெளியே இழுத்துவந்து, செடிக்காட்டு ஓரம் நிற்கவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பனியில் அவள் முகம் சரியாகத் தெரியவில்லை. அது நான் இல்லைம்மா, நான் இங்கே இருக்கிறேன், அது வெறும் பெட்டி என்றேன். அம்மா சிரித்தாள் அக்கா.

"எனக்குத் தெரியாதா? பெத்தவளுக்கு அதுகூட தெரியாதா? பொட்டின்னு மொத நாளே தெரியும். என் குமுதா என்னைக்கு அரைமணி நேரம் ஒக்காந்து என் பேச்சக் கேட்டா? ஆனா அது கேக்குது."

நாம் இருவரும் அவளை ஏமாந்த கிழவி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவள் தெரிந்தே பேசியிருக்கிறாள். அவள் சொன்னதையெல்லாம் உட்கார்ந்து கேட்ட ஒரே ஆள் அதுதான், ஆகவே அதனிடம் பேசினாள்.

நாகரத்தினத்தைப் பற்றிச் சொன்னேன். வெள்ளைச் சட்டையைப் பற்றி, நாயைப் பற்றி. இந்த வீட்டை எடுத்துவிடுவார்கள் அம்மா, உன்னை மலையிலிருந்து இறக்கிவிடுவார்கள், பிறகு மேட்டுப் பாதைப் பக்கம்கூட உன்னால் வரமுடியாது என்றேன். அந்தப் பாதையை நான் சொன்னதும் அவளுக்கு விளங்கிவிட்டது, அவள் பேசியதை நாம் படித்திருக்கிறோம் என்று.

பிறகு கேட்டாள்: "நான் என்ன சொல்லணும், சொல்லிக்குடு."

சொல்லிக்கொடுத்தேன். மூன்றே வாக்கியம். இரண்டு தடவை சொல்லிக் காட்டினாள், பள்ளிப் பிள்ளை மாதிரி. மறுநாள் காலையில் அதையே பெட்டியிடம் சொன்னாள். பச்சை எரிந்தது. நான் கைதட்டிவிட்டேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இங்கே எழுத மாட்டேன்.

நீ கேட்ட வேலையை முடித்துவிட்டேன். அம்மாவின் வீடு தப்பித்தது.

குமுதா


மேல் டிவிஷன்
11 மே 2025

குமுதா,

மூன்று திங்கட்கிழமையாக அம்மா பெயர் பட்டியலில் இல்லை. இப்போது யார் பெயருமே இல்லை. திரை வெறுமையாக வருகிறது. மானேஜர் அதைப் படம் பிடித்து மேலிடத்துக்கு அனுப்பினார். கீழ் டிவிஷனிலும், ரிங்லெட் பக்கம் இன்னும் இரண்டு தோட்டங்களிலும் பெட்டி மாட்டப் போகிறார்களாம். நம் தோட்டத்தில் கற்றதை வைத்து அங்கே முதல் நாளிலிருந்தே சரியாக வேலை செய்யுமாம்.

போன மாதம் பெட்டிகளில் ஏதோ மாற்றினார்கள். கேள்வி கேட்கும் நேரம் போக மற்ற நேரமும் அவை கேட்டுக்கொண்டிருக்கின்றன. யாரும் எதிர்க்கவில்லை. எதிர்த்தால் அதுவும் பொருந்தாத தகவல்தானே. ரஞ்சிதம் பைப்படியில் வாளியை வைத்துவிட்டு, நிறைந்ததும் எடுத்துக்கொண்டு போகிறாள். என்ன ரஞ்சிதம், வீட்டுக்காரர் எப்படி என்று சீண்டிப் பார்த்தேன். "நல்லா இருக்காருங்க" என்றாள். அவள் என்னை 'ங்க' போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. லயத்துப் பிள்ளைகள் ஒரு விளையாட்டு கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒருத்தி பெட்டி, மற்றவர்கள் வரிசையில் நிற்பார்கள். சிரிக்காமல் 'நல்லா இருக்கேன்' என்று சொல்பவர் ஜெயித்தவர்.

நான் இப்போது அம்மா வீட்டுக்குக் கடிகாரம் கட்டாமல் போகிறேன். ஒரு மணி நேரம் உட்காருகிறேன். கேள்வி எதுவும் கேட்பதில்லை, சும்மா இருந்தால் தானாகப் பேசுவாள் என்று காத்திருக்கிறேன். முருங்கைக்கீரையை ஆய்கிறாள். நான் கிளம்பும்போது, மழை வரும் குடை எடுத்துக்கோ என்கிறாள். அன்றைக்கு வானம் வெளுத்திருந்தாலும் அதைத்தான் சொல்கிறாள்.

அப்பா சட்டை ஆணியில் இல்லை. கேட்டேன். துவைக்கப் போட்டேன் என்றாள். இரண்டு வாரமாகக் கொடியில் காணோம்.

நீ ஒரு முறை வா. அவள் வாயை நீ பொத்தினாய் என்று எழுதியிருந்தாய். அதைச் செய்த உன் கைமேல் எனக்குக் கோபம் இல்லை. நான் செய்யவேண்டியதை உன்னைச் செய்யவைத்தேன்.

ரமணி


செந்தூல்
20 மே 2025

அக்கா,

என்னால் வரமுடியாது. வந்தாலும் அம்மாவிடம் என்ன பேசுவேன்?

எங்கள் அடுக்குமாடியில் பெட்டி மாட்டிவிட்டார்கள். லிஃப்டில் ஒன்று, வீட்டுக்கு ஒன்று. எதிர் வீட்டு மலாய்க்காரப் பெண்ணிடம் மலாயில் பேசுகிறது. என்னிடம் தமிழில். மாட்ட வந்தவன் பெயர் வசந்தன், இருபது வயது இருக்கும். என்னை ஏதோ பேசச் சொன்னான். பேசினேன். கையிலிருந்த கருவியைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். "அக்கா, உங்க குரல் சரியா பதியல. இது யாரோட குரலையோ காப்பி பண்ணுற மாதிரி காட்டுது. இயல்பா பேசுங்க" என்றான்.

நான் சண்டை போடவில்லை. இயல்பாகப் பேச முயன்றேன். நான்கு தடவை முயன்றேன். இப்போது கொஞ்சம் தடித்த குரலில், மெதுவாகப் பேசுகிறேன். அதை ஏற்றுக்கொண்டது.

இன்று காலை என் குரல் என்னிடம் மனசு எப்படி இருக்கு என்று கேட்டது. நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரியும்.

இனி எழுதவேண்டாம் அக்கா. எழுத எழுத, எதையோ இழந்துகொண்டிருக்கிறோம் என்பது ஞாபகம் வருகிறது. பச்சையில் இருந்துவிட்டுப் போவோம்.

குமுதா


மேல் டிவிஷன்
1 ஜூன் 2025, ஞாயிறு

குமுதா,

எழுதவேண்டாம் என்றாய். எழுதுகிறேன், ஆனால் இதை ரிங்லெட்டுக்குக் கொண்டுபோய்த் தபாலில் சேர்க்க மாட்டேன். அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிடுவேன். பேனாவை அழுத்தாமல் எழுதுகிறேன். பெட்டிக்கு எழுதும் சத்தம் கேட்குமா என்று திவாகரிடம் கேட்கத் தைரியம் இல்லை.

இன்று காலை ஐந்து மணிக்கே அம்மா வீட்டுக்குப் போனேன். ராத்திரியெல்லாம் மழை. பின்பக்க மேட்டிலிருந்து ஒரு பாய் அகலத்துக்கு மண் சரிந்து, குளியலறைச் சுவரில் சாய்ந்து கிடந்தது. அம்மா அதில் பாதியைச் சுரண்டி எடுத்திருக்கிறாள். தனியாக. கால் முட்டி வீங்கி, பழைய துணியைச் சுற்றிக் கட்டியிருந்தாள். நான் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். விரல் நகத்திலெல்லாம் சேறு.

ஐந்தரைக்குப் பெட்டி கேட்டது. ராத்திரி நல்லா தூங்குனீங்களா?

"நல்லா தூங்குனேன்."

சாப்பாடெல்லாம் சரியா இருக்கா? இருக்கு. மனசு எப்படி இருக்கு? நல்லா இருக்கு. பச்சை.

நான் வெந்நீர் வைத்தேன். துணியை அவிழ்த்து முட்டிக்கு ஒத்தடம் கொடுத்தேன். என் கை பட்டதும் அவளுக்கு வலியில் உடம்பு குலுங்கியது. ரொம்ப வலிக்குதாம்மா என்று கேட்டேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பெட்டியைப் பார்க்கவில்லை, பயந்தும் பேசவில்லை. என்னைப் பார்த்து, பெட்டியிடம் சொல்லும் அதே மூன்று வாக்கியத்தின் ராகத்தில், "நல்லா இருக்கேம்மா" என்றாள்.

இல்லத்தில் நாகரத்தினம் சொன்ன அதே தொனி. வெள்ளைச் சட்டை மட்டும்தான் இல்லை. அவளை மலையிலிருந்து இறக்கிவிடக்கூடாது என்று நாம் இருவரும் பாடுபட்டோம். வீட்டில்தான் இருக்கிறாள். வீட்டில் இருத்திக்கொண்டு, அவளை இறக்கிவிட்டோம்.

அங்கிருந்து வீட்டுக்கு வரவில்லை. ஒற்றையடிப் பாதை திரும்பும் இடம்வரை நடந்தேன். தக்காளிக் கொட்டாயின் பிளாஸ்டிக்கில் மழைத்தண்ணீர் தொட்டி தொட்டியாகத் தேங்கி நின்றது. உள்ளே குழாய் ஓடும் சத்தம். எந்த இடம் என்று எனக்குத் தெரியாது. இனி சொல்லவும் ஆள் இல்லை. அவள் ஒரு பெட்டியிடம்தான் அதைச் சொன்னாள், அந்தத் தகவலும் சிவப்பாகிப் பிறகு திரையிலிருந்து போய்விட்டது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

பத்து வீடு அம்மா மாதிரி பேசினால் அதுவும் இயல்புதான் என்று எடுத்துக்கொள்ளும் என்றானே திவாகர். இரண்டு மாதமாக அந்தப் பத்தை எண்ணிப் பார்க்கிறேன். ரஞ்சிதத்தைக் கேட்கமுடியாது, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், போக வேறு இடம் இல்லை. மற்றவர்களும் அப்படித்தான். ஒருவரையும் நான் கேட்கப் போவதில்லை. ஒரு தடவை பெரட்டுக் களத்தில் நின்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது போதும். பத்து வராது. அது எனக்குத் தெரியும். நான் பேசினாலும் அம்மா பழையபடி பேசிவிட மாட்டாள். அதுவும் தெரியும்.

நாளைக்குத் திங்கட்கிழமை. பட்டியல் வெறுமையாக வராது. என் பெயர் இருக்கும். அதற்கு அடுத்த வாரமும் இருக்கும். மூன்று திங்கட்கிழமை எனக்கு இருக்கிறது. அதற்குப் பிறகு இந்த வீட்டில் யாரை வைப்பார்கள், என் பெயருக்கு நேரே யார் 'உறுதி'யை அழுத்துவார்கள் என்று யோசித்தேன். அவருக்கும் அன்றைக்குப் பதினொரு வேலை இருக்கும்.

காலையில் முதலில் அடுப்பைப் பற்றவைப்பேன். தேநீர் போட்டு எடுத்துக்கொண்டு, நாற்காலியைப் பெட்டிக்கு எதிரே போட்டு உட்காருவேன். ஐந்தரைக்கு நீ கேட்பாய். தூங்கவில்லை என்பேன். சொல்லுங்க, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் என்பாய்.

நாகரத்தினத்திலிருந்து தொடங்குவேன்.